நிறம் அறிந்து கம்பி இணைப்போம்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன், இன்றைக்குக் கரண்டுக் கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘இது இவருக்கு எதுக்கு? ஒயர்மேன் பார்த்துக்கிட மாட்டாரா?’ என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாய்வது நம் மாவட்டத்தில் ஒரு பகுதிக்குத்தான். சாத்தான்குளம், உடன்குடி, தேரிக்காட்டை ஒட்டிய ஊர்கள் என்று பார்த்தால், அங்கே தென்னையும் முருங்கையும் வாழையும் நிற்பது கிணற்றையும் போரையும் நம்பி. உப்பளத்திலும் பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார்தான். ஆக, பொழுது விடிந்ததும் நம் கை முதலில் போய்த் தொடுவது மண்வெட்டியை அல்ல, ஸ்டார்ட்டர் பொத்தானை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது, பயிருக்கு வரும் நோயைத் தெரிந்துவைத்துக்கொள்வது போலவே அவசியம்.

நீங்களே கம்பி இணைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் செய்த வேலை சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வைத்தியர் கொடுத்த மருந்தாக இருந்தாலும் சீட்டைப் படித்துப் பார்த்துத்தானே சாப்பிடுகிறோம்?

ஐந்து நிறம், ஐந்து வேலை

உங்கள் மோட்டார் ரூமுக்கு வருவது மும்முனை மின்சாரம். அதாவது மூன்று பேஸ் கம்பிகள். இவற்றுக்கு நம் நாட்டில் வகுத்திருக்கும் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றிலும் கரண்டு உண்டு. மூன்றும் உயிருள்ள கம்பிகள். எதைத் தொட்டாலும் ஆபத்துதான்.

நான்காவது கம்பி நியூட்ரல். இதன் நிறம் கருப்பு. மோட்டாருக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஆனால் மோட்டார் ரூமில் ஒரு விளக்கு எரிய வேண்டுமென்றால், ஏதாவது ஒரு பேஸும் இந்தக் கருப்பும் சேர வேண்டும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட்டுக்கு மேல். வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

ஐந்தாவது எர்த் கம்பி. இது பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு போட்டது. மோட்டாரின் உடம்பு, ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டி, மெயின் சுவிட்சின் பெட்டி ஆகியவற்றை மண்ணோடு சேர்ப்பது இதன் வேலை. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் இந்தக் கம்பிக்கு வேலையே கிடையாது. உள்ளே எங்காவது பேஸ் கம்பி தோல் உரிந்து இரும்பில் பட்டால், அந்தக் கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டுபோய் பியூஸைப் போகவைத்து, நம் உயிரைக் காப்பாற்றுவது இதுதான். வீட்டில் இருக்கும் காவல் நாய் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். திருடன் வராத நாளில் சும்மா படுத்துத்தான் கிடக்கும். அதற்காக நாய் வேண்டாம் என்று சொல்லுவோமா?

கரண்டு நிறம் பார்த்தா போகிறது?

இங்கேதான் ஒரு அண்ணாச்சி குறுக்கிடுவார். “என்ன சார், கரண்டுக்குக் கண்ணா இருக்கு? சிவப்புல போனாலும் போகும், பச்சையில போனாலும் போகும். உள்ளே இருக்கிற செம்பு ஒண்ணுதானே?”

அவர் சொல்வது முழுக்க உண்மை. கரண்டு நிறம் பார்ப்பதில்லை. மேலே உறையின் நிறம் எதுவாக இருந்தாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும், விளக்கு எரியும். அதனால்தான் இந்தத் தப்பு வெளியே தெரிவதே இல்லை. நிறம் பார்ப்பது கரண்டு அல்ல, நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிற மனிதன். இன்றைக்கு இணைக்கிறவர் ஒருவர். மூன்று வருஷம் கழித்து ஸ்டார்ட்டர் மாற்ற வருகிறவர் இன்னொருவர். முதலாமவர் இரண்டாமவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகும் கடிதம்தான் இந்த நிறம். கடிதத்தில் பொய் எழுதினால், படிக்கிறவர் உயிர் போகும்.

எப்படிப் போகும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். தேரிப் பக்கத்தில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். மெயின் சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டருக்கு மூன்று பேஸ் கம்பி இழுக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் இருக்கின்றன. நீலம் தீர்ந்துவிட்டது. மூலையில் பச்சைக் கம்பி கொஞ்சம் கிடக்கிறது. “கடைக்குப் போக நேரமில்ல, இதையே போட்டுருவோம்” என்று மூன்றாவது பேஸுக்குப் பச்சையை இழுத்துவிடுகிறார்கள். மோட்டார் ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்று வருஷம் கழித்து ஸ்டார்ட்டர் கெட்டுப்போகிறது. வேறொரு ஆள் வருகிறார். ஏதோ காரணத்தால் கம்பிகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப இணைக்கிறார். பச்சை கண்ணில் படுகிறது. பச்சை என்றால் எர்த்துதானே? படித்த பாடப்படி, பழக்கப்படி, அதைக் கொண்டுபோய் மோட்டாரின் உடம்பில் முடுக்கிவிடுகிறார். அந்தக் கம்பியின் மறுமுனையோ பேஸ் பியூஸில் இருக்கிறது. மெயினைப் போட்டதும் மோட்டாரின் உடம்பு முழுக்கக் கரண்டு.

எர்த் நன்றாக இருந்தால் ‘படார்’ என்று பியூஸ் போய்விடும், தப்பித்தோம். ஆனால் கோடைக் காலத் தேரி மணல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? காய்ந்த மணலுக்குள் கரண்டு எளிதில் இறங்காது. ஈரமில்லாத எர்த் குழியை நம்பினால் பியூஸ் போகாது. மோட்டார், அதோடு சேர்ந்த இரும்புக் குழாய், வால்வு எல்லாம் 230 வோல்ட்டோடு காத்துக்கொண்டிருக்கும். ஈரக் காலோடு வந்து வால்வைத் திறக்கும் கை யாருடையதாகவும் இருக்கலாம். இதில் இரண்டாவது ஆள் மேல் என்ன குற்றம்? அவர் நிறத்தை நம்பினார். அவ்வளவுதான்.

ஆகையால் இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்: பச்சைக் கம்பிக்கு எர்த் தவிர வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. பத்தடி தூரமானாலும் கூடாது, பத்து நிமிஷத்துக்கானாலும் கூடாது.

சிவப்பும் கருப்பும் இடம் மாறினால்

அடுத்து, மோட்டார் ரூம் விளக்கு. சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியில்தான் வர வேண்டும். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியும் பேஸ்தான். அதற்கும் சிவப்போ, மஞ்சளோ, நீலமோ, அந்த பேஸின் நிறத்தையே போட வேண்டும். கருப்பு நேராக விளக்குக்குப் போக வேண்டும்.

இதை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். சுவிட்சை அணைத்தால் விளக்கும் அணையும். பார்க்கிறவருக்குக் கரண்டு நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் சுவிட்சு துண்டித்தது நியூட்ரலை. பேஸ் நேராக ஹோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். ‘சுவிட்சைத்தான் அணைச்சாச்சே’ என்று நம்பிப் பல்பைக் கழற்றக் கை வைக்கிறவர் கதி என்ன? விளக்கு அணைந்தது என்பது ஒன்று, கரண்டு நின்றது என்பது வேறொன்று.

நீலத்துக்குத் துணை யார் என்று பாருங்கள்

இப்போது ஒரு குழப்பமான இடத்துக்கு வருகிறோம். கடையில் வாங்கும் மின்விசிறி, கிரைண்டர், மருந்து தெளிக்கும் மின்கருவி இவற்றின் பிளக்கு ஒயரை வெட்டிப் பாருங்கள். சிவப்பும் இருக்காது, கருப்பும் இருக்காது. பழுப்பு, வெளிர்நீலம், மஞ்சள் கோடு போட்ட பச்சை என்று மூன்று கம்பி இருக்கும். இதில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த்.

பார்த்தீர்களா? மும்முனைக் கம்பியில் நீலம் பேஸ். பிளக்கு ஒயரில் அதே நீலம் நியூட்ரல். அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளைப் பார்க்காதே, அவன் கூட்டாளியைப் பார் என்பார்கள் அல்லவா? அதே வழிதான். நீலம் பழுப்போடு சேர்ந்து வந்தால் நியூட்ரல். சிவப்பு, மஞ்சளோடு சேர்ந்து வந்தால் பேஸ். பிளக்கைத் திறந்தால் உள்ளே எல், என், இ என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். எல்-லில் பழுப்பு, என்-னில் நீலம், இ-யில் பச்சை-மஞ்சள். பெரிய முள்ளுக்கு எப்போதும் எர்த்.

இந்த நிறங்கள் ஏன் இப்படி வந்தன? அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு நிறம் வேறாக இருந்தது. இங்கிலாந்தில் சிவப்பு என்றால் பேஸ். ஜெர்மனியிலோ 1960-களின் நடுப்பகுதி வரை சிவப்பு என்றால் எர்த்! ஒரு நாட்டுச் சாமான் இன்னொரு நாட்டுக்குப் போனால் என்ன விபரீதம் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசி, பிளக்கு ஒயருக்குப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று 1970-ஐ ஒட்டிப் பொதுவாக வைத்துக்கொண்டன. இன்னொரு நன்மையும் இதில் உண்டு. ஆண்களில் நூற்றுக்குச் சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. பல பேருக்குத் தமக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. பச்சையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டால், நிறம் தெரியாதவருக்கும் கோடு தெரியும்.

வீட்டுக்குள் போடும் கம்பிக்கு நம்மைப் போலச் சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு என்று வைத்திருந்த இங்கிலாந்து, 2004-ஆம் ஆண்டு புதிய நிறங்களை அனுமதித்து, 2006-இல் கட்டாயமாக்கியது. அங்கே இப்போது மூன்று பேஸும் பழுப்பு, கருப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம். சிங்கப்பூரும் 2009-இல் அப்படி மாறியது. அமெரிக்காவில் கருப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். கவனித்தீர்களா? நமக்கு நியூட்ரலான கருப்பு, அந்த ஊர்களிலே உயிருள்ள கம்பி.

துறைமுகக்காரர்களுக்கு இது புதிதல்ல. தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வழி காட்டும் மிதவைகளில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதே கப்பல் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ துறைமுகத்துக்குள் நுழைந்தால் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு! உலகத்தை இரண்டு வட்டாரமாகப் பிரித்து அப்படி வைத்திருக்கிறார்கள். எந்த வட்டாரத்துக் கடல் என்று தெரிந்துகொண்டுதான் மாலுமி நிறத்தைப் படிக்கிறார். நாமும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஜெனரேட்டரோ, வெல்டிங் மிஷினோ, பம்போ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். அது எந்த ஊர்ச் சாமான், அதன் தகட்டில் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறது என்று பார்த்து, மின்பணியாளரிடம் காட்டிச் சோதித்த பிறகுதான் இணைக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அங்கே பழகின கண் இங்கே ஏமாற்றிவிடும்.

போர் மோட்டாரில் கவனிக்க வேண்டியவை

போருக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தட்டையான மூன்று கம்பிக் கேபிள் போடுகிறோம். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் இருக்கும். பச்சை இருக்காது. ‘மூணு ஒயர் இருக்கே, ஒண்ணு எர்த்தா இருக்கும்’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எர்த் கம்பி தனியாகப் போட வேண்டும்.

ஒருமுனை சப்மெர்சிபிள் மோட்டாரிலும் இதே மூன்று நிறம்தான் வரும். ஆனால் அங்கே இவை மூன்று பேஸ் அல்ல. ஓட்டத்துக்கு ஒன்று, கிளப்பிவிட ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. எந்த நிறம் எது என்பதை அந்தக் கம்பெனி கன்ட்ரோல் பெட்டியின் மூடியில் படமாகவே ஒட்டியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் காயில் கருகிப்போகும். மோட்டாரை மேலே தூக்கும் கூலி, காயில் கட்டும் கூலி, அதற்குள் வாடிப்போகும் பயிர் என்று கணக்குப் பார்த்தால், ஒரு நிமிஷம் மூடியைப் பார்ப்பது எவ்வளவு லாபம்!

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் பெரிய மோட்டாருக்கு இரண்டு கேபிள் இறங்கும். இரண்டிலும் சிவப்பு, மஞ்சள், நீலம். ஆறு கம்பி, ஆனால் மூன்றே நிறம். கழற்றும் முன்பே, இது முதல் கேபிள், இது இரண்டாம் கேபிள் என்று நூலோ டேப்போ சுற்றி அடையாளம் வைத்துவிட வேண்டும். இப்போதுதான் எல்லோர் கையிலும் படம் எடுக்கும் போன் இருக்கிறதே, கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த பிறகோ, சர்வீஸ் ஒயர் மாற்றிய பிறகோ, மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் குறைவாக வருகிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உடனே ‘ஊத்து வத்திப்போச்சு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று பேஸில் ஏதாவது இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். வெளியே இருக்கும் பம்பு என்றால் உடம்பில் அம்புக்குறி இருக்கும், சுற்றும் திசையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திசை மாறியிருந்தால் நிறுத்திவிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்து இரண்டு கம்பியை இடம் மாற்றினால் சரியாகிவிடும். எங்கே மாற்றினோம் என்பதைப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் கடற்கரைக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. உப்புக் காற்றில் செம்புக் கம்பியின் நுனி பச்சை பூத்துவிடும். அது களிம்பு. அதைப் பார்த்து எர்த் என்று மயங்கக் கூடாது. பார்க்க வேண்டியது உறையின் நிறத்தை. வெயிலில் கிடக்கும் உறையும் நாளாவட்டத்தில் வெளிறிப்போகும். சிவப்பு மங்கும், மஞ்சள் அழுக்கேறும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக் காலம் தொடங்கும் முன், மெயினை அணைத்துப் பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மங்கிய நுனிகளில் அந்தந்த நிற டேப்பைச் சுற்றவையுங்கள். களிம்பைச் சுரண்டி முடுக்கச் சொல்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தண்ணீருக்குள் நின்றன. அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு, பயிரைக் காப்பாற்றும் அவசரத்தில், கிடைத்த ஒயரை, கிடைத்த நிறத்தில் போட்டு மோட்டாரை ஓட்டவே மனசு சொல்லும். அந்த அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரத்துக்குப் போட்டது அப்படியே நிலைத்துவிடுவதுதான் வினை. 2023 வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் மோட்டார் ரூமில் கம்பி மாற்றியிருந்தால், நிறம் ஒழுங்காக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போதே வகையாக வாங்குங்கள்

ஒரே நிறத்தில் 90 மீட்டர் சுருள் ஒன்றை வாங்கி எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். அது சிக்கனம் அல்ல. எந்தெந்த நிறம் எத்தனை மீட்டர் வேண்டும் என்று ஒயர்மேனிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. உறையின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 694 என்ற எண்ணும் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, பச்சை என ஐந்து நிறத்திலும் இன்சுலேஷன் டேப் ஒவ்வொன்று வாங்கி மோட்டார் ரூமில் வைத்துவிடுங்கள். பெரிய செலவில்லை.

வெளியே இழுக்கும் சில கேபிள்களில் எல்லாக் கம்பியும் கருப்பாகவே இருக்கும். வெயிலைத் தாங்குவதற்காகக் கருப்பு உறை போடுகிறார்கள். அப்படிப்பட்ட கேபிளானாலும் சரி, வேறு வழியில்லாமல் நிறம் மாற்றிப் போட நேர்ந்தாலும் சரி, கம்பியின் இரண்டு முனையிலும் சரியான நிற டேப்பைச் சுற்றுங்கள். ஒரு முனையில் மட்டும் சுற்றினால் பாதிக் கடிதம்தான். பச்சைக் கம்பிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதன்மேல் சிவப்பு டேப் சுற்றி பேஸாக்குகிற வேலை வேண்டாம். டேப் உதிர்ந்தால் கதை பழையபடிதான்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைக் கம்பி சரியாக இருந்து, அது போய்ச் சேரும் குழி காய்ந்து கிடந்தால் பிரயோஜனம் இல்லை. இரண்டரை மீட்டருக்குக் குறையாத குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தேரி மணலாக இருந்தால் கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள். மும்முனை மோட்டாரின் உடம்புக்கு ஒன்றல்ல, தனித்தனியாக இரண்டு எர்த் கம்பி போக வேண்டும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காக்கும். உடம்பில் கரண்டு கசிந்தால் நொடியில் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருக்கிறது. உங்கள் இணைப்புக்கு ஏற்றது எது என்று கேட்டு அதையும் பொருத்திக்கொள்வது நல்லது.

நிறத்தை மதியுங்கள், ஆனால் சோதிக்காமல் நம்பாதீர்கள்

இவ்வளவு நேரம் நிறத்தின் பெருமையைச் சொன்னேன். இப்போது அதற்கு நேர் எதிரானது போல ஒன்று சொல்கிறேன். நிறத்தை மட்டும் பார்த்து எந்தக் கம்பியிலும் கை வைக்கக் கூடாது. உங்களுக்கு முன்னால் இணைத்தவர் உண்மை எழுதினாரா, பொய் எழுதினாரா என்பது உங்களுக்குத் தெரியாது.

வேலை பார்க்க வருகிறவர் இந்த ஒழுங்கில் செய்கிறாரா என்று நீங்கள் கூட நின்று கவனியுங்கள்.

முதலில் மெயினை அணைக்க வேண்டும். பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விவரம் தெரியாமல் வேறு யாரும் போட்டுவிட முடியாது. மெயினை அணைத்தாலும், மீட்டரிலிருந்து அதற்குள் வரும் கம்பிகளில் கரண்டு இருந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

இரண்டாவது, டெஸ்டரை முதலில் கரண்டு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வேலை செய்யப் போகும் கம்பியில் வைக்க வேண்டும். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால், எரியாததை நம்பி ஏமாறுவோம். பட்டப்பகல் வெயிலில் டெஸ்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாக் கம்பியிலும் டெஸ்டர் வைக்க வேண்டும். கருப்பு, பச்சை உட்பட. கருப்பில் வெளிச்சம் வந்தால், ஒன்று நிறம் மாறியிருக்கிறது, அல்லது நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டும் ஆபத்து. பச்சையில் வெளிச்சம் வந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது.

கம்பத்தில் ஓடும் அலுமினியக் கம்பிகளுக்கு நிறமும் இல்லை, உறையும் இல்லை. அவற்றில் ‘இது நியூட்ரலாகத்தான் இருக்கும்’ என்ற ஊகமே வேண்டாம். கம்பத்தில் ஏறுவது மின்வாரிய ஊழியர் வேலை. கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள், ஆடுமாடுகளையும் விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. போன் செய்து சொல்லுங்கள்.

இந்தக் கரையில் கடைசி முத்துச்சலாபம் நடந்தது 1961-இல். அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடலுக்குள் இறங்குகிறவருக்கு இரண்டு கயிறு. கல் கட்டியது ஒன்று, சிப்பி அள்ளும் பை கட்டியது ஒன்று. மூச்சு முட்டும்போது அடியிலிருந்து கயிற்றை இழுத்துக் காட்டுவார். படகில் நிற்பவர் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும். எந்தக் கயிறு எது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் வரக் கூடாது. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு இருக்குமல்லவா?

மோட்டார் ரூமில் கம்பி இணைக்கிறவரும் அப்படி ஒரு கயிற்றைத்தான் பிடித்திருக்கிறார். நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கப் போவது யார் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் மகனாக இருக்கலாம், தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். இதை ஒரு அட்டையில் எழுதி மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் இன்றைக்கே ஒட்டிவையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொன்னால் அழகாக எழுதித் தரும்.